ஜெனரேட்டர் பாட்டு

தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாங்களா? இந்த ஏற்காட்டுக் காத்து எனக்கு ஒத்துக்காது. ரெண்டு நாளா அந்தக் காப்பித் தோட்டத்துல உக்காந்து காதெல்லாம் அடைச்சுக் கெடக்கு. உங்க கையில அந்த நீல நாடாவைப் பாத்துட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன். நீங்களும் அந்தப் பாட்டுத் திருவிழாவுல இருந்துதான் எறங்குறீங்க. பாருங்க, எனக்கும் அதே நாடா. இதை எப்படிங்க கழட்டுறது? இழுத்தா இன்னும் இறுகுது. கத்திரிக்கோல்தானா? சரி, வீட்டுக்குப் போனா என் சம்சாரம் சரசு வெட்டி விடுவா.

நீங்க என்னைப் பாத்திருப்பீங்க. அந்தக் கூட்டத்துல வேட்டி கட்டியிருந்தது நான் ஒருத்தன்தான். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு, சவுண்டு மிக்சர் வச்சிருந்த கொட்டாய்ல இருந்து ஒருத்தன் எந்திரிச்சுக் கத்தினான்ல? அத்தனை பேரும் சிரிச்சாங்கல்ல? அது நான்தாங்க. நீங்களும் சிரிச்சீங்களா? பரவால்ல, பரவால்ல. சிரிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. மேடையில நின்னவ மட்டும்தான் சிரிக்கல. அவ என் மக.

ஆமாங்க, கோதை. நீங்கெல்லாம் கோதை கோதைன்னு கத்துனீங்களே, அவதான். முழுப் பேரு பூங்கோதை. ராசிபுரத்துல எறங்கி மைக் செட்டு மாதேசு கடை எதுன்னு யாரை வேணா கேளுங்க. கடைப் போர்டுலயும் அவ பேருதான், கோதை சவுண்ட் சர்வீஸ். முப்பத்தோரு வருசத் தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாரியம்மன் பண்டிகை, எல்லாம் பாத்தாச்சு. என் செட்டுல மைக்கு ஒரு தடவை கூவினதுன்னு யாராச்சும் சொல்லட்டும், நான் தொழிலை விட்டுடுறேன். மைக்கு கூவுறதுன்னா தெரியுமில்ல? மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்துல கொண்டு போனா ஊஊன்னு ஒரு சத்தம் வருமே, காதைப் பொத்திக்கத் தோணும். எங்க தொழில்ல அது மானம் போற காரியம். கூவப் போகுதுன்னு தெரியுறதுக்கு முன்னாடியே கை போய்க் கொறைச்சிருக்கணும். மூளை அப்புறம்தான் போகும். கை முன்னாடி போகணும். இதை நல்லா மனசுல வச்சுக்கங்க தம்பி. எல்லாரும் என்னையே தப்பாப் பேசுறாங்க.

சரி, ஆரம்பத்துல இருந்து சொல்றேன். பஸ்ஸு சேலம் எறங்க முக்கா மணி நேரமாகும்ல?

கோதை மெட்ராஸ் போய் அஞ்சு வருசமாச்சு. கம்ப்யூட்டர் வேலைக்குன்னு போனா. ஒரு வருசம் கழிச்சு வேலைய விட்டுட்டேன், நாலஞ்சு பேரா சேந்து பாடப் போறோம்னா. எங்க வீட்டுல பெரிய ரகளை. எங்கண்ணன் பழனியப்பன், குடும்பத்துல மூத்தவரு, அவருதான் எல்லாம். அவரு கோதையை நடுவுல நிக்க வச்சு, பொம்பளப் புள்ளைக்கு மேடை எதுக்குன்னு கேட்டாரு. ஒறம்பரைக்காரங்க, சொந்தபந்தம் அத்தனை பேரும் சுத்தி நிக்கிறாங்க. அவ அசரல. "பெரியப்பா, இந்த வீட்டுல எனக்காக நின்னது எங்கப்பா ஒருத்தர்தான். அவர் வேணாம்னு சொல்லட்டும், நான் பாடறதை விட்டுடறேன்"னா. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் வேணாம்னும் சொல்லல, போன்னும் சொல்லல. ஆனா அவ அதைப் போன்னு எடுத்துக்கிட்டா.

எனக்காக நின்னாருன்னாளே, அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது. சொல்றேன். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. சரசுகிட்டக் கூடச் சொன்னதில்ல. உங்களை இனிமே எங்க பாக்கப் போறேன், அதனால சொல்றேன்.

ஏழு வருசம் முன்னாடி, ஆடி மாசம், எங்க ஊரு மாரியம்மன் பண்டிகை. மேடைக்கு நம்ம செட்டு. ஊரு லைனு தாங்காதுன்னு மேடை முச்சூடும் நம்ம ஜெனரேட்டர்ல ஓடுது. லைட்டு, மைக்கு, எல்லாம். பாட்டுக் கச்சேரிக்கு வந்த குழுவுல பொம்பளப் பாடகி வரல, காய்ச்சலாம். கமிட்டிக்காரங்க, "மாதேசு, உம் மக காலேஜுல பாட்டுக்குப் பரிசெல்லாம் வாங்குறாளாமே, ரெண்டு பாட்டு பாடட்டுமே"ன்னாங்க. சரின்னேன். எனக்கும் ஆசைதாங்க. என் செட்டுல, என் மைக்குல, என் புள்ள பாடணும்னு எனக்கு ஆசை இருக்காதா?

அம்மன் பாட்டு ஒண்ணு பாடினா. ஊரே அமைதியாக் கேட்டுச்சு. ரெண்டாவது சினிமாப் பாட்டு. பாட ஆரம்பிச்சு ஒரு நிமிசம் ஆகல, விசிலு பறக்குது. நல்லாப் பாடினாத்தானே தம்பி விசிலடிப்பாங்க? அது எனக்குத் தெரியுது. எங்கண்ணனுக்குத் தெரியல. நேரா என்கிட்ட வந்தாரு. "நம்ம வீட்டுப் புள்ளையப் பாத்து விசிலடிக்கிறானுங்க, நீ உக்காந்து சவுண்டு ஏத்திக் குடுக்குறியா? உங்கண்ணி வழியில இவளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம், அவங்க முன்வரிசையில உக்காந்திருக்காங்க. எறக்குடா அவளை"ன்னாரு.

மேடையில ஏறி எறங்குன்னு சொன்னா புள்ள மனசு என்ன பாடு படும்? மைக்கை மட்டும் நிறுத்தினா மாதேசு செட்டு பழுதுன்னு ஊரு சொல்லும். அதனால கோயிலுக்குப் பின்னாடி போய் ஜெனரேட்டரை அமத்திட்டேன். ஒரு நொடி. மொத்தமா இருட்டு. கரண்டு போச்சு கரண்டு போச்சுன்னு ஜனங்க கத்துறாங்க. யாருக்கும் அவமானம் இல்லாமப் போச்சு பாருங்க. எங்கண்ணனுக்கும் இல்ல, என் மகளுக்கும் இல்ல. நான் நல்லதுதாங்க நெனச்சேன்.

இருட்டுல அவ நிறுத்தலைங்க. மைக்கு இல்லாமயே ரெண்டு வரி பாடினா. அந்தக் குரல் பின்னாடி என் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு.

அதோட நின்னிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அவ மேடையில இருந்து குதிச்சு, டார்ச்சை வாங்கிக்கிட்டு நேரா என்கிட்டயே ஓடி வந்துட்டா. "என்னாச்சுப்பா?" "கரண்டு போச்சு பாப்பா, ஒரு நிமிசம்"னேன். "ஜெனரேட்டர் மக்கர் பண்ணுது"ன்னேன். சொல்லிட்டா அப்புறம் சுத்திக் காட்டணுமில்ல? அது பழைய டீசல் இன்ஜின் தம்பி, கையால சுத்தி ஸ்டார்ட் பண்றது. மேல ஒரு சின்ன லிவர் இருக்கும். எடது கையால அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வலது கையால சுத்தணும். வேகம் ஏறினதும் லிவரை விட்டுடணும். விட்டா இன்ஜின் பிடிச்சுக்கும். விடலைன்னா, பீமனே வந்து சுத்தினாலும் பிடிக்காது.

நான் விடல.

அவ டார்ச்சு பிடிக்கிறா. நான் சுத்துறேன். வேர்த்து ஊத்துது. உள்ளங்கையெல்லாம் கரி. "இன்னொரு தடவைப்பா, இன்னொரு தடவை"ங்கிறா. நானும் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு சுத்துறேன். கால் மணி நேரம் ஆயிருக்கும். கடைசில அவளே என் தோளைத் தொட்டு, "விடுங்கப்பா. உங்க கையைப் பாருங்க, தோல் உரிஞ்சு போச்சு. எனக்குப் பாட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்"னா. அழுதா தம்பி. பாட முடியலையேன்னு அழல, எனக்காக அழுதா. அந்த டார்ச்சு வெளிச்சத்துல அவ மொகத்தைப் பாத்தேன். அப்படி ஒரு பாசத்தோட என்னை யாரும் பாத்ததில்லைங்க. எங்கம்மா பாத்ததில்ல, கட்டினவ பாத்ததில்ல. அப்ப நான் சொல்லியிருக்கணும்கிறீங்களா? அந்த மொகத்தைப் பாத்துக்கிட்டு எவனால சொல்ல முடியும்? உங்களால முடியுமா?

அதுல இருந்து அவளுக்கு நான் ஒரு படி ஒசத்தி. போன்ல பேசினா அப்பாகிட்டக் குடுங்கன்னுதான் முதல்ல கேப்பா. பத்திரிகையில வந்துச்சே, படிச்சீங்களா? "என் தைரியம் எங்கப்பா"ன்னு சொல்லியிருந்தா. அதை வெட்டிக் கடையில ஒட்டி வச்சிருக்கேன். யோசிச்சுப் பாருங்க. நான் அந்தப் பொய்யைச் சொல்லலைன்னா அவ மெட்ராஸ் போயிருப்பாளா? பாடியிருப்பாளா? எங்கண்ணன் எதுக்க நின்னிருப்பாளா? நல்லதுதானே நடந்திருக்கு?

போன மாசம் போன் பண்ணினா. "அப்பா, உங்களைப் பத்தி ஒரு பாட்டு பண்ணியிருக்கேன். அன்னைக்கு நீங்க ஜெனரேட்டர் சுத்தினீங்கல்ல, அந்தப் பாட்டு. போன்ல பாட மாட்டேன். ஏற்காட்டுல ரெண்டு நாள் திருவிழா, நீங்களும் அம்மாவும் வந்து நேர்ல கேக்கணும்"னா. சரசு வர மாட்டேன்னுட்டா. "அந்தப் பாட்டை உக்காந்து கேக்க எனக்குத் தெம்பில்ல, நீங்களே போங்க"ன்னா. பாவம், அவளுக்கு ஆறு மாசமா முட்டி வலி. மலையேத்தம் தாங்காது.

நான் வந்தேன். புது வேட்டி, புது சட்டை. எறங்கினதும் கையில இந்த நாடாவைக் கட்டி, காதுல வச்சுக்கச் சொல்லி ரெண்டு பஞ்சு உருண்டை குடுத்தாங்க பாருங்க, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. காதை அடைச்சுக்கிட்டுக் கேக்கறதுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய ஸ்பீக்கரு? ஆனா சவுண்டு, அடடா. நான் பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சவுண்டு சுத்தம். சவுக்கு மரம் ஒசரத்துக்கு ஸ்பீக்கரைத் தொங்க விட்டிருக்கானுங்க. நாலு பக்கமும் புள்ளைங்க பாய விரிச்சுப் படுத்துக்கிட்டும் கூடாரம் போட்டுக்கிட்டும் கேக்குதுங்க. பொம்பளப் புள்ளைங்க ஆடுதுங்க, ஒரு பயலும் தப்பாப் பாக்கல. எங்கண்ணனைக் கூட்டியாந்து காட்டணும்னு நெனச்சேன்.

கோதை என்னைக் கையப் பிடிச்சு எல்லார்கிட்டயும் கூட்டிக்கிட்டுப் போனா. "இதுதான் எங்கப்பா, இவர்தான் ஜெனரேட்டர் அப்பா." அந்த டிரம்ஸ் அடிக்கிற பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான் தம்பி. என் கையைத் திருப்பிப் பாத்தான், தழும்பு இருக்கான்னு. நான் கையை இழுத்துக்கிட்டேன். ஆனா சந்தோசமும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

மிக்சர் பாத்துக்கிட்டிருந்தவன் பேரு ஜெரால்டு. நல்ல பையன். தொழில்காரனுக்குத் தொழில்காரனைத் தெரியுமில்ல? நான் போய்ப் பேச்சுக் குடுத்தேன். "அண்ணே, உள்ள வந்து பக்கத்துல உக்காருங்க, கோதை ஷோவை இங்கருந்து பாருங்க, இங்கதான் சவுண்டு நல்லா இருக்கும்"னு நாற்காலி போட்டுக் குடுத்தான். அவன் மேலதாங்க தப்பு. கண்டவனையும் மிக்சர் பக்கத்துல உக்கார வைக்கலாமா? என் கடையில நான் விடுவேனா? விட மாட்டேன்.

அஞ்சு மணிக்கு ஏறினா. ரெண்டு பாட்டு பாடினா. அப்புறம், "இது எங்கப்பாவுக்கு. அங்க உக்காந்திருக்காரு"ன்னு கையக் காட்டினா. நீங்கெல்லாம் திரும்பிப் பாத்துக் கை தட்டினீங்க. நான் எந்திரிச்சுக் கும்பிட்டேன். அந்தப் பாட்டு எப்படி ஆரம்பிச்சுது, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்குப் பாட வராது, சொல்றேன்.

வெளிச்சம் போன மேடையிலே நான் நிக்கிறேன்,
வெளிச்சம் தேடி எங்கப்பன் ஓடுறான்,
கரியப்பிய கையால இருட்டைச் சுத்துறான்,
எம் பாட்டு பாதியில நிக்கக் கூடாதுன்னு.

அழுதுட்டேங்க. ஜெரால்டு தோளைத் தட்டிக் குடுத்தான். அவனுக்கென்ன தெரியும். எல்லா வரியும் என்னைப் பத்தி. ஒரு வரியும் நான் இல்ல. உக்காந்திருந்த நாற்காலியோட பூமிக்குள்ள போயிட மாட்டமான்னு இருந்துச்சு. இருந்தாலும் கேக்கணும்னும் இருந்துச்சு. அவ்வளவு நல்லா இருந்துச்சு தம்பி. அந்த அப்பன் அவ்வளவு நல்லவன்.

அப்புறம் என்ன பண்ணினா, பாடிக்கிட்டே குனிஞ்சு, மைக்கை மேடையில கெடந்த ஸ்பீக்கர்கிட்டக் கொண்டு போனா. ஐயையோ, கூவப் போகுது, கூவப் போகுது. கூவிடுச்சு! ஊஊன்னு ஏறுது. இந்த ஜெரால்டு கொறைக்காம ஏத்துறான்! இவ்வளவு பேரு முன்னாடி என் மக மைக்கு கூவுதே, மானம் போகுதேன்னு என் கை போயிடுச்சு. நான் போகலைங்க, கை போயிடுச்சு. மொத்தச் சவுண்டையும் சேத்து ஏத்தி எறக்குற தள்ளு பட்டன் ஒண்ணு இருக்குமில்ல, அதைச் சரக்குனு கீழ இழுத்துட்டேன்.

அது வேணும்னே பண்றதாம். கரண்டு போற கட்டத்துக்கு அப்படி வச்சிருக்காங்களாம். கரண்டு போனா மைக்கு எங்கங்க கூவும்? பொசுக்குனு செத்துப் போகும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

சரி, அதோட போயிருந்தாக் கூடப் பரவால்ல. சவுண்டு நின்னுடுச்சு. ஒரு சத்தம் இல்ல. காக்கா கத்துறது கேக்குது. கோதை நிமிந்து நேரா என்னைப் பாக்கறா. என் கை இன்னும் அந்தப் பட்டன் மேலயே இருக்கு. அவ பாக்கறதைப் பாத்ததும் நான் என்ன பண்ணினேன்? எந்திரிச்சு நின்னு, கையத் தூக்கி, "கரண்டு போச்சு பாப்பா, ஒரு நிமிசம்"னு கத்தினேன்.

ஏன் கத்தினேன்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. அந்த வார்த்தை ஏழு வருசமா தொண்டையிலயே இருந்துச்சு போல, தானா வெளிய வந்துடுச்சு. மேடையில அத்தனை லைட்டும் எரியுது. பின்னாடி அவ்வளவு பெரிய திரை எரியுது. பொழுதும் இன்னும் சாயல. நான் கரண்டு போச்சுன்னு கத்துறேன். சிரிக்காம என்ன பண்ணுவீங்க நீங்க?

ஜெரால்டு என் கையைத் தட்டி விட்டுட்டு உடனே சவுண்டைக் கொண்டாந்துட்டான். "கோதை, போலாம், ரெடி"ங்கிறான். அவ போகல. மைக்கைப் பிடிச்சபடி அப்படியே நின்னா. நான் அவளைச் சின்ன வயசுல இருந்து பாக்கறேன், அவ யோசிக்கும்போது கீழ் உதட்டைக் கடிப்பா. கடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் டிரம்ஸ் பையன்கிட்ட என்னமோ சொன்னா. அவங்க வேற பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க.

ஷோ முடிஞ்சு அவ என்னைத் தேடி வந்தா. நானே முந்திக்கிட்டேன். "மன்னிச்சுக்க பாப்பா, பழக்க தோசம்"னேன். "அது பரவால்லப்பா"ன்னா. சாப்பாட்டுக் கடைப் பக்கம் ஒரு பெஞ்சுல உக்காந்தோம். ரெண்டு டீ வாங்கியாந்தா. அப்புறம் கேட்டா.

"அப்பா, அன்னைக்கு உங்க எடது கை எங்க இருந்துச்சு?"

"எந்த அன்னைக்கு?"

"நான் வலது கைக்குத்தான் டார்ச் அடிச்சேன். எடது கையை நான் பாக்கவே இல்ல."

மைக் செட்டுக்காரன் மகளாச்சே. அந்த இன்ஜினை அவளும் பத்து வயசுல இருந்து பாத்திருக்கா. லிவரு, சுத்துறது, எல்லாம் தெரியும். இத்தனை வருசம் கேக்கணும்னு அவளுக்குத் தோணினதில்ல, அவ்வளவுதான்.

"லிவர்லதான் பாப்பா இருந்துச்சு. வேற எங்க இருக்கும்?"

"விட்டீங்களாப்பா?"

"விட்டேன் பாப்பா. பிடிக்கல. உனக்குத் தெரியாதா, அது பழைய இன்ஜின்."

சொல்லிட்டேன். அவ என் எடது கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் வச்சிருந்தா. அப்புறம் எடுத்த இடத்துலயே திரும்ப வச்சுட்டு, "சரிப்பா. குளுருது, ஸ்வெட்டர் போட்டுக்கங்க"ன்னா. நம்பிட்டா தம்பி. நம்பலைன்னா கோவப்பட்டிருப்பாள்ல? கத்தியிருப்பாள்ல? கோவப்படலையே. ரூமு வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்து, போர்வை கேட்டு வாங்கிக் குடுத்துட்டுத்தான் போனா.

இன்னைக்கு மத்தியானம் அவளுக்கு இன்னொரு ஷோ இருந்துச்சே, நீங்க இருந்தீங்கல்ல? முன்னாடி இருந்த புள்ளைங்கெல்லாம், நேத்து பாதியில விட்ட ஜெனரேட்டர் பாட்டு வேணும்னு கத்துனாங்க. அவ சிரிச்சுக்கிட்டே, "அந்தப் பாட்டு இல்லைங்க"ன்னா. "அடுத்த தடவையா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. "இல்ல, அந்தப் பாட்டே இல்ல"ன்னா. தொண்டை சரியில்ல போல. ரெண்டு நாளு குளுருல கத்தினா தொண்டை கட்டாம என்ன பண்ணும்? ஆனா வேற எட்டுப் பாட்டு பாடினாங்க தம்பி. எட்டு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.

பஸ்ஸு ஏத்தி விட அவதான் வந்தா. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தா. "அம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் தேச்சு விடுங்க"ன்னா. எப்பவும் பஸ்ஸு கெளம்புறப்போ, "போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்கப்பா, பண்ணலைன்னா தூங்க மாட்டேன்"னு ஓடி வந்து சொல்லுவா. இன்னைக்கு மறந்துட்டா. நின்னுக்கிட்டே இருந்தா. நான் கையக் காட்டினேன். அவளும் காட்டினா. அவ நம்பிட்டான்னு நான் சொல்றேன்ல, எனக்கே அது நிக்க மாட்டேங்குது. என் புள்ள என்னைப் பாத்த அந்தப் பார்வை இனிமே எனக்கு வராது. அது போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

என்ன சொன்னீங்க? நீங்க முழுசாக் கேட்டிருக்கீங்களா அந்தப் பாட்டை? பெங்களூர்லயா? ஆமா ஆமா, அங்க ஒரு தடவை பாடிப் பாத்தோம்னு சொன்னா.

அப்ப கடைசி வரைக்கும் தெரியுமா உங்களுக்கு? என்னைப் பத்தின பாட்டு தம்பி, நான் பாதிதான் கேட்டேன். இனிமே அவ பாட மாட்டா. நீங்க சொல்லுங்க. பாட வேணாம், சும்மா சொன்னாப் போதும். கடைசில என்ன ஆகுது? அந்த ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகுதா?

ஆகுதா.

லைட்டெல்லாம் எரியுதா. அவ நிறுத்தின இடத்துல இருந்து பாடி முடிக்கிறாளா. அப்பன் கரிக் கையோட கீழ நின்னு கேக்கறானா. அப்படியா எழுதியிருக்கா.

அப்படி நடக்கலைங்க. அவ அவங்கம்மா கூட வீட்டுக்குப் போயிட்டா. தெரு முக்குல திரும்புற வரைக்கும் அவங்க டார்ச்சு வெளிச்சம் தெரிஞ்சுது, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். மறுநாள் காலையில, ராத்திரி மெக்கானிக் வந்து சரி பண்ணினான்னு சொன்னேன். ஒரு மெக்கானிக்கும் வரலைங்க தம்பி. அவங்க மறைஞ்சதும் நான்தான் சுத்தினேன். ஒரே சுத்து. ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆயிருச்சு.